கொசுறுப் படம்

நான் கேட்டேன், நீ கொடுத்தாய். உன்மேல் நான் சாட்டுகிற குற்றம் அதுதான். பன்னிரண்டு வயதில் தலையில் கீரைக்கட்டோடு இந்தக் காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தவள் நான். இருபத்தாறு வருசமாகக் கத்தரிக்காய்க்கும் தடியங்காய்க்கும் பல்லாரிக்கும் நான் போடாத சண்டை கிடையாது, புனலூரிலிருந்து வரும் லாரிக்காரன் என் தலையைக் கண்டால் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வான், ஆனால் அவனும்கூட முடியாது, முடியாது, கட்டாது என்று பத்துத் தடவை தலையை ஆட்டிவிட்டுத்தான் பதினோராவது தடவை இறங்கி வருவான், அதுதான் எனக்கு அவன் தருகிற மரியாதை. நீ ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவில்லை. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கிறவனிடம் இருப்பது சொத்தைக் காய் என்று தெரிந்து வைத்திருந்த எனக்கு அன்றைக்கு அது ஏன் உறைக்கவில்லை என்பதை என்னிடம் நானே ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. உன்னிடம் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

என் பேர் உனக்கு மறந்திருக்கும். வெயிலுகந்தாள். கல்யாணம் ஆகிப் பதினொரு வருசம் கழித்துப் பிறந்த என் மகள் ஆவுடையைத் தூக்கிக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நீ வைத்திருந்த எக்ஸ்ரே கடைக்கு வந்தவள். பிள்ளை காலை முன்னே நீட்டிப் பிறந்தவள், இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாக உட்காரவில்லை, வார் போட்டு இறுக்கி வைத்தால் தானே உட்கார்ந்துவிடும், மூன்று மாசத்துக்கு ஒருமுறை இடுப்பை மட்டும் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வா என்று எலும்பு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவளுக்கு அப்போது நான்கு மாசம்.

நான் அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன், நீ உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினாய், வெளியே வந்து, "எக்கா, பிள்ள அசைஞ்சிட்டு. இன்னொண்ணு எடுக்கணும்" என்றாய்.

"அசைஞ்ச படத்துக்கு நான் துட்டு தர மாட்டேன், ஆமா."

"அதுக்கென்னக்கா, தர வேண்டாம்."

"எங்க கடையில சொத்தைக் காய் போயிட்டா பதிலுக்கு நல்ல காயும் குடுப்போம், மேல ஒரு கை கொசுறும் போடுவோம்."

"எக்ஸ்ரேல என்னக்கா கொசுறு?" என்று நீ சிரித்தாய்.

"உங்கிட்ட கருவேப்பிலையா கேக்கேன்? இடுப்ப எடுக்கேல்லா, அப்படியே சைடு வாக்குல ஒண்ணு, நேரா மல்லாத்தி முழு உடம்பும் ஒண்ணு. பிள்ளைக்கு உள்ள எல்லாம் வச்ச இடத்துல இருக்கான்னு நானும் பாத்துக்கிடுதேன்."

"சரிக்கா. உங்களுக்காக" என்றாய் நீ.

இப்படி மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் சீட்டில் இருந்தது ஒரு படம், என் கையில் வந்தது நான்கு. கதவுக்குப் பின்னால் ஆணியில் கனமாக ஒரு கறுப்பு உடுப்பு தொங்கியதையும், அதன்மேல் நீ உன் குடையை மாட்டி வைத்திருந்ததையும் பார்த்தேன். அது யாருக்கான உடுப்பு என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

படத்தையெல்லாம் சந்தைக்குக் கொண்டுவந்து, கடையில் சீனி அவரைக்காய்க் கூடைக்கு மேலே கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காய் வாங்க வந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆவுடையின் விலா எலும்பு முருங்கைப் பூவின் காம்பு மாதிரி இருப்பதாக ஒருத்தி சொன்னாள். மூட்டை தூக்கும் நயினார் அண்ணாச்சி, "வெயிலு, கொசுறு கேட்டு எலும்பையே வாங்கிட்டு வந்துட்டியே, நீ செத்தா எமங்கிட்ட ரெண்டு வருசம் சேத்து வாங்கிருவ" என்றார், சந்தை முழுக்கச் சிரித்தது, நானும் அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோய் நின்றேன். பக்கத்துக் கடை செல்லக்கனிக்கும் கைக்குழந்தை. பையனுக்கு நெஞ்சில் சளி. "ஏட்டி, நீயும் போ, நான் சொன்னேன்னு சொல்லு, தருவான்" என்று அனுப்பி வைத்தேன். அவள் கொசுறாக இரண்டு வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு தேங்காய்க்கடைக்காரி போனாள், கீரைக்காரியின் மருமகள் போனாள். வெறும் கையோடு திரும்பியவர்கள் யாருமில்லை.

பங்குனி மாசத்தில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், தக்காளிப் பெட்டியில் சேலையை மடித்துப் போட்டு ஆவுடையை உட்கார வைத்திருந்தேன், இரண்டு தார்ப்பாய்க்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக வெயில் சரிந்து அவள்மேல் விழுந்தது, அவள் நிழல் பெட்டியின் நிழலோடு தரையில் நீண்டது, அந்த நிழலுக்குப் பின்னால் இன்னும் மூன்று நிழல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ரேசன் கடை வரிசையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தன. மூன்றும் பிள்ளை நிழல்கள். ஆவுடை கையை ஆட்டினால் அவை ஆட்டவில்லை, அவை பாட்டுக்குத் தம் கையை ஆட்டின, ஒன்று தலையைச் சொறிந்தது. முதல் இரண்டும் முழு நிழல். கடைசியில் இருந்ததற்கு மட்டும் விலாவுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில் வெயில் நேராகத் தரையில் விழுந்து கிடந்தது.

யாரும் கூச்சல் போடவில்லை. உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த நயினார் அண்ணாச்சி சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே நின்று பார்த்தார், "யம்மா வெயிலு, பிள்ளைகளக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரச் சொல்லு, மூட்டை இறக்கணும்" என்றார். நான் பெட்டியை இழுத்தேன், நான்கு நிழலும் உள்ளே நகர்ந்தன, அவர் மூட்டையை இறக்கிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் சந்தைக்கு அது பழகிவிட்டது. தள்ளுவண்டிக்காரர்கள் என் கடை முன்னால் வரும்போது வண்டியைச் சற்று ஒடித்துத் திருப்பி ஓட்டினார்கள். நிழலை மிதிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் கசாப்புக் கடையிலிருந்து ஓடிவரும் நாய்கூட அந்த இடத்தில் வளைந்துதான் ஓடியது. சந்தைச் சங்கத்துத் தலைவர் டேப்பைக் கொண்டுவந்து அளந்து, நிழல்கள் நடைபாதையில் ஒரு அடி நீட்டிக்கொண்டிருப்பதாகவும், ஆனால் அவை சரக்கு அல்ல, ஆட்கள் என்பதால் தரைவாடகை கிடையாது என்றும் தீர்ப்புச் சொன்னார். டீக்கடைக்காரர் எனக்கு டீ கொண்டுவரும்போது, "அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் வேணுமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, பிறகு கேட்பதையே வழக்கமாக்கிக்கொண்டார். நடுவில் இருப்பதற்குச் சுருட்டை முடி, அது பிற்காலத்தில் பிடிவாதக்காரியாக வரும் என்று கீரைக்காரி சொன்னாள். முதலாவது என்னை மாதிரி இடுப்பில் கை வைத்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்கள். தெற்கே ஒரு ஊரிலிருந்து மாப்பிள்ளைத் தரகர் ஒருத்தர் வந்து, பத்து மாசப் பிள்ளைக்கு ஜாதகம் இருக்கிறதா என்று கேட்டு, நான் தராசுத் தட்டை ஓங்கியதும் போனார். ஆனால் கடைசி நிழலைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் பேசவில்லை. ஒவ்வொருத்தரும் அதை ஒரு தடவை பார்ப்பார்கள், பிறகு காய் விலை கேட்பார்கள்.

கேட்காமல் செய்தவர்கள் உண்டு. ஒருநாள் கீரைக்காரி யாரிடமும் சொல்லாமல் ஒரு வாழையிலைத் துண்டை அந்த ஓட்டைமேல் வைத்தாள். வெயில்பொட்டு இலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாக்கைப் போட்டோம், சாக்குமேல் ஏறியது. சாணி போட்டு மெழுகினோம், சாணிமேல் பளிச்சென்று கிடந்தது. நயினார் அண்ணாச்சி மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்து வெயிலையே அடைத்துப் பார்த்தார். நான்கு நிழலும் போய்விட்டன, அந்த ஒரு பொட்டு மட்டும் இருட்டில் தரையில் இருந்தது. அதைக் கண்டதும் அவர் தார்ப்பாயை மறுபடி விலக்கிவிட்டு இறங்கினார், அன்றைக்கு அவர் யாரையும் கேலி செய்யவில்லை.

அடுத்த படத்துக்கு நாள் வந்தபோது உன் கடை பூட்டியிருந்தது, போர்டும் இல்லை. வேறு வழியில்லாமல் மாவட்டத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு, என் கையில் இருந்த பன்னிரண்டு படத்தையும் மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"ஏம்மா இத்தனை?"

"கொசுறு" என்றேன். அந்தச் சொல் அந்த அறையில் எவ்வளவு கேவலமாகக் கேட்டது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். பெண் பிள்ளை பிறக்கும்போதே, தான் பிற்காலத்தில் பெறப்போகும் பிள்ளைகளுக்கான முட்டை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறதாம். இடுப்பைப் படம் எடுத்தால் அந்தக் கதிர் அதன்மேலும் விழுமாம். அதற்குத்தான் வெளிச்சத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குவார்களாம், ஈயத் தகடு வைத்து மறைப்பார்களாம், ஒன்று போதும் என்றால் ஒன்றோடு நிறுத்துவார்களாம். அந்தக் கதிர் ஒரு முட்டைக்குள் ஒரு எழுத்தைக் கலைத்துவிட்டால், அது அந்தப் பிள்ளையில் தெரியாமல், அதன் பிள்ளையில் தெரியாமல், அதற்கும் அடுத்ததில் போய்த் தெரிந்தாலும் தெரியுமாம்.

"தெரியுமா, தெரியாதா?"

"அனேகமா ஒண்ணும் ஆகாதும்மா. வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு."

"எவ்வளவு குறைவு? நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் ஒண்ணு சொல்லுதேன், நடுவுல ஒரு இடத்துல முடிச்சுக்கிடுவோம்."

"இதுல பேரம் பேச முடியாதும்மா."

"பேரம் பேச முடியாதது இந்த உலகத்துல எது தாயி?" என்று நான் கத்தினேன், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஆவுடையைத் தூக்கி ஜன்னல் வெயிலில் பிடித்தார், தரையில் நான்கு நிழல் விழுந்தது, குனிந்து கடைசி நிழலைப் பார்த்தார், தன் விரலை அந்தப் பொட்டில் வைத்தார், விரல்மேல் வெயில் விழுந்தது. பிறகு சீட்டில் எதையோ எழுதப் போனார், எழுதாமல் பேனாவை மூடினார். "இதை எழுத இதுல கட்டம் இல்லம்மா" என்றார்.

அன்றைக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடத்தான் பார்த்தேன். பதிமூன்றாவது படம் வேண்டவே வேண்டாம் என்று வாசல்வரை வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார். எலும்பு உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்காமல் வாரைக் கழற்றினால் ஆயுசுக்கும் நொண்டுவாள், தேவையான ஒரு படத்தைப் பயந்து எடுக்காமல் விடுவதும் தப்பு, தேவையில்லாத ஒன்பதை எடுத்ததும் தப்பு என்றார். ஒரு பக்கம் என் மகளின் கால், இன்னொரு பக்கம் நான் கண்ணால் காணப்போகாத ஒருத்தி. எத்தனையோ தராசு பிடித்த கை எனக்கு, அன்றைக்கு அந்த வாசல்படியில் எந்தத் தட்டு கனம் என்று சொல்லத் தெரியவில்லை.

எடுத்தோம். அங்கே படம் எடுக்கிற பெண்பிள்ளை வெளிச்சத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினாள், அடிவயிற்றில் சின்னதாக ஈயத் தகடு வைத்தாள், எனக்கு அந்தக் கனத்த ஈய உடுப்பைப் போட்டுவிட்டாள், பிள்ளை அசையாமல் இருக்கும்வரை கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரே ஒரு படம். எலும்பு குழியில் உட்கார்ந்துவிட்டது. கேட்டதற்குமேல் ஒன்றும் வாங்காமல் நான் ஒரு இடத்தைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

விசயம் சந்தைக்குத் தெரிந்த அன்றைக்கு யாருக்கும் வியாபாரம் ஓடவில்லை. அதுவரை அவர்களுக்கு அவை யாரோ பிள்ளைகள், இப்போது ஆவுடையின் மகள், அவள் மகள், அதற்கும் அடுத்தவள் என்று முறை தெரிந்துவிட்டது. தேங்காய்க்கடைக்காரி தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் நிறுத்திப் பார்த்தாள், ஒரு நிழல்தான் விழுந்தது, கும்பிட்டுவிட்டுப் போனாள். கீரைக்காரி மருமகளின் பிள்ளைக்கும் ஒன்றுதான். செல்லக்கனி மட்டும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் பையனை வெயிலில் கொண்டுவருவதே இல்லை, கடைக்குள்ளும் பிள்ளைமேல் குடையைப் பிடித்துக்கொண்டுதான் காய் நிறுக்கிறாள், ஒற்றைக் கையால் நிறுப்பதால் எடை தப்புகிறது, வாங்குகிறவர்கள் பேசாமல் வாங்கிப் போகிறார்கள்.

"ஏட்டி, ஒரு தடவ பாத்துரு, மனசு ஆறும்" என்று போய்ச் சொன்னேன்.

"போறும் மைனி. நீ சொல்லித்தான் போனேன். இதுக்கும் நீ சொல்லியா நான் பாக்கணும்?" என்றாள். இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சாக்கை இறக்கிவிட்டாள். பதினாறு வருசமாக ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

உன்னைத் தேடினேன். ராஜபாளையத்தில் கடை போட்டிருப்பதாக ஒருத்தன் சொன்னான், போனேன், அது வேறு ஆள். வெளிநாடு போய்விட்டான் என்றான் ஒருத்தன். பெயரை மாற்றிக்கொண்டு கேரளாவில் இருக்கிறான் என்றான் இன்னொருத்தன், என் வீட்டுக்காரர் லோடு வண்டியோடு அங்கே போகும்போதெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் எக்ஸ்ரே போர்டைக் கண்டால் இறங்கிப் பார்க்கிறார். நான் எவ்வளவு பெரிய சண்டைக்காரியாக இருந்தாலும், எதிரில் ஆள் இல்லாமல் யாரிடம் சண்டை போடுவது? சாமியிடம் கேட்டேன், சாமி விலை சொல்லவில்லை. எனக்கு வாய் இருக்கிறது, வயிறு நிறையக் கோபம் இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாறாவது மாசம் ஆவுடை நடந்தாள். சந்தையின் நடுவில், கோஸ் மூட்டைகளுக்கும் பூசணிக் குவியலுக்கும் இடையில், ஒரு கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று நான்கு எட்டு வைத்தாள். கால் நொண்டவில்லை. ஆளாளுக்குக் கை தட்டினார்கள், நயினார் அண்ணாச்சி மூட்டையைப் போட்டுவிட்டு அவள் முன்னால் முட்டிபோட்டு, "வாட்டி ராசாத்தி, வா, வா" என்று கையை நீட்டினார், அவள் சிரித்துக்கொண்டே போனாள், அவள் நிழல் அவளோடு போனது, அதற்குப் பின்னால் முதல் பிள்ளை எழுந்து போனது, சுருட்டை முடிக்காரி எழுந்து போனாள். கடைசிப் பிள்ளை எழுந்திருக்கவில்லை.

அது எழுந்திருக்கப் பார்த்தது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கையைத் தரையில் ஊன்றியது, இடுப்பைத் தூக்கியது, பிறகு அந்த ஓட்டை இருந்த இடத்தில் மடிந்து உட்கார்ந்துவிட்டது. மறுபடி ஊன்றியது, மறுபடி உட்கார்ந்தது. தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆவுடை பூசணிக் குவியல்வரை போய் அண்ணாச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், மற்ற மூன்று நிழலும் அவள் காலடியில் போய்ச் சேர்ந்தன, இது மட்டும் என் கடை வாசலில் தனியாகக் கிடந்தது.

அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. இப்போது ஆவுடைக்கு மூன்று வயசு, பால்வாடிக்கு ஓடுகிறாள், பின்னால் இரண்டு நிழல் ஓடுகிறது, மூன்றாவது சந்தையில் இருக்கிறது. பத்து மணிக்கு வெயில் வந்தால் வரும், மூன்று மணிக்குப் போகும், மழை நாளில் வராது, மழை பெய்தால் சந்தையே பிள்ளை எங்கே நனைகிறதோ என்று வானத்தைப் பார்க்கிறது. அதைச் சுற்றி நான்கு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து வேலி போட்டிருக்கிறோம். புதிதாக வருகிற லாரிக்காரனுக்கு முதலில் அந்த இடத்தைக் காட்டிவிட்டுத்தான் பிறகு விலை பேசுகிறார்கள். கீரைக்காரி போகும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். செல்லக்கனி தடுப்புச் சாக்கைக் கொஞ்சமாக விலக்கி அதைப் பார்ப்பதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நான் தினமும் குனிந்து அதைத் தூக்கப் பார்க்கிறேன். கையை அடியில் விட்டால் தரைதான் வருகிறது, நகத்தில் மண் ஏறுகிறது. அண்ணாச்சி பார்த்தார், நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிறவர், அவராலும் ஆகவில்லை. அந்த டாக்டரம்மாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி வந்து பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அது இன்னும் கையை ஊன்றிக்கொண்டுதான் இருக்கிறது, தினமும், பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை. நிழலுக்குச் சத்தம் கிடையாது என்பதால் அது அழுகிறதா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு உன்னிடம் நஷ்ட ஈடு வேண்டாம், உன் மன்னிப்பும் வேண்டாம், என் தப்பை நான் சுமந்துகொள்கிறேன், அதில் உனக்குப் பங்கு கேட்கவில்லை. நீ எந்த ஊரில் எந்தப் பேரில் இருந்தாலும் சரி, கிளம்பி வா. பகலில் வா, வெயில் இருக்கும்போது வா. யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். சந்தைக்குள் நுழைந்ததும் யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவார்கள். பெட்டியை விலக்கு, முட்டியை மடக்கு, குனி, இத்தனை பேர் கைக்கும் வராத அந்தப் பிள்ளையைத் தரையிலிருந்து தூக்கு.